சமமான தரை

கோடைக்கானலிலிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. முன் சீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் கலைந்தது. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை.

"மைதானத்துத் தரையைச் சமப்படுத்தினதுதான் சார் தப்பாப் போச்சு."

சொன்னவர் கூடைப்பந்து டீம் கேப்டன் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர், டீமுக்கு ஆட்களைச் சேர்க்கிற வாத்தியார்.

"அதுக்காக சவரிமுத்துவை இந்த வருசமும் சேர்க்கணுமாப்பா? நாப்பது வயசாச்சு. முட்டியில துணி கட்டிக்கிட்டு வாறான். ஆட வந்தானா, ஆஸ்பத்திரிக்குப் போறானான்னு தெரியல."

"மைதானம் சரிவா இருந்தப்ப பள்ளத்துப் பக்கம் அவரு நின்னு மறிச்சா, எவனாச்சும் தாண்டியிருக்கானா சார்? மதுரைப் பயலுக சரிவுல சறுக்கி விழுந்தானுகளே. பந்தை ஒரு தடவையாச்சும் கீழ ஓடைக்கு விட்டிருப்பாரா?"

"ஒத்துக்கிறேன். இப்பத்தான் பள்ளமே இல்லையே. சமதரையில வெரசா ஓடணும். அவனால முடியுதா, சொல்லு."



"முடியல சார்."

பேனா தாளில் கீறுகிற சத்தம் கேட்டது.

"பேரை அடிச்சுட்டேன். நீயே அவன்கிட்ட சொல்லிடுப்பா."

"என்னால ஆகாது சார். ஞாயித்துக்கிழமை தவறாம, பூசை முடிஞ்சதும் மம்பட்டியோட வந்து அந்தப் பள்ளத்தை மூடினதே அவருதான். நேத்து சுண்ணாம்புக் கோடும் போட்டாரு. போட்டுட்டு, 'இனிமே பந்து ஓடைக்குப் போகாதுடா. நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்?'னு கேட்டாரு."