சார்ஜர் தயார், காடி எங்க?

கழட்டு லா, கழட்டு. எத்தன வாட்டி சொல்றது? போன மாசம் நீ மாட்டுன சார்ஜர்தான். கழட்டி கேட்டுப் பக்கம் மாட்டு. ஏன் எதுக்குன்னு கேக்காத கவிநேசன். வயர்மேன்னா வயரப் பாரு.

காடி வந்துருச்சான்னா? கரண்டுல ஓடுற புதுக் காரு, கம்பெனியே இன்னும் வெளிய விடல. வரும். மாசி மகத்துக்குள்ள வரும்.

எல்லாம் என் கூட்டாளி அந்தப் பரமேஸ்வரனால. பாச்சாங் டீக்கடையில தே தாரிக் குடிச்சிக்கிட்டே சொல்றான், பேட்டரி ரெண்டு சைசாம், சின்னது இந்தா இருக்கிற மெர்லிமாவ் போய்த் திரும்பறதுக்குள்ள மூச்சு வாங்குமாம். இவரு பாத்தாரு! கம்பெனிக்காரனே இன்னும் வாயத் தெறக்கல. சின்னதே ஈப்போ வரைக்கும் போகும், போய்யான்னேன். எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும். முப்பது வருஷம் தோட்டத்து லாரி ஓட்டுனவன் நான்.

அப்புறம்... மூணு மாடலாம். கீழ் மாடலுக்குத் துணி சீட்டு. நடு மாடலுக்குத் தோலு. மேல் மாடலுக்குக் கண்ணாடிக் கூரை. மலாக்கா வெயில்ல! மண்ட வெந்துரும். எனக்கு நடு மாடல் போதும். ஆனா பெரிய பேட்டரி மேல் மாடலுக்கு மட்டுந்தானாம். என்ன நியாயம்? தூரம் போறவனெல்லாம் வானத்தப் பாத்துக்கிட்டே போகணுமா?

ஏய், ஏணிய அங்க வைக்காத! பிள்ளையார் மாடம். தூசு விழுந்தா வீட்டுக்காரி பாக்கியலட்சுமி என்னைத் தொலைச்சிருவா.

அதான் விஷயமே. காடி மூக்கு பிள்ளையாரப் பாத்துதான் நிக்கணுமாம். சாமிக்கு முதுகக் காட்டி நிறுத்துனா நீங்களும் வெளியவே நில்லுங்கன்னுட்டா. சரி, சார்ஜ் போடுற ஓட்ட முன்னாலதான் இருக்கும்னு மாடத்துக்குப் பக்கத்துல மாட்டச் சொன்னேன். நேத்து பரமேஸ்வரன் போன்ல ஒரு படம் காட்டுறான். துணி போட்டு மூடுன காடி. பின்னால லேசாப் பொடச்சிருக்கு. ஓட்ட பின்னாலதான்! இங்கேருந்து வயரு எட்டுமா?

பழைய காடியா? வித்தாச்சு. தீபாவளிக்கு முன்னாலயே. எடம் வேணுமில்ல? இப்ப அவ கோயிலுக்குப் பக்கத்து வீட்டு திலகவதி மோட்டார் பின்னால ஒக்காந்து போறா. ஹெல்மெட் போட்டா தலைல பூவு நசுங்குதாம். தங்கா பத்து ஊரு பூரா சொல்லிட்டா. மகத்தன்னிக்குப் புதுக் காடியில சன்னாசிமலைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் தம்பி.

என்ன முழிக்கிற? ஆமா, நீ அன்னிக்கே சொன்ன. காடி வரட்டும் அங்கிள், ஓட்ட எங்கன்னு பாத்துட்டு மாட்டலாம்னு. மூணு வாட்டி சொன்ன. நான்தான் எனக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமான்னு கத்துனேன். ஒத்துக்கிறேன். போதுமா?

கேட்டுப் பக்கம் மாட்டு. இந்த வாட்டி நிச்சயம்.

இரு... அந்தப் பொடப்பு வைப்பரா இருக்குமோ? மேல் மாடலுக்குப் பின் கண்ணாடியில வைப்பர் வருமே... அப்ப ஓட்ட முன்னாலதான? ஒண்ணு செய் தம்பி. இதுவும் இருக்கட்டும், அங்க இன்னொண்ணு மாட்டு. ரெண்டு!

கவிநேசன்?

வேன் சத்தம் கேக்குது... அடப்பாவி, ஏணியக்கூட விட்டுட்டுப் போறானே!

பாக்கியம்! உள்ள என்ன சிரிப்பு? திலகவதிகிட்ட கேட்டு வையி... அவ மோட்டார்ல மூணு பேரு ஒக்கார முடியுமான்னு.