பூங்காவில் சைக்கிள் ஓட்டுவோர் கவனத்திற்கு

சைக்கிளுக்கு இடப்பக்கம், நடப்பவர்களுக்கு வலப்பக்கம். இதைவிடச் சுலபமான ஏற்பாடு உலகத்தில் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சின்னப் பிள்ளைக்கும் ஒருதரம் சொன்னால் விளங்கிவிடும். என் மகள் யோகமலர் இறந்ததைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன். பாதையை விளங்காமல் விஷயத்தை விளங்க முடியாது.

பதுளையில் எங்கள் பூங்கா பெரியதல்ல. கீழ் வாயில் பசறை வீதிப் பக்கம். மேல் வாயிலைத் தாண்டினால் நேர் எதிரே ஆஸ்பத்திரி. நடுவில் சில மரங்கள், உட்கார நாலைந்து வாங்குகள். கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு பூங்காப் பராமரிப்புச் சங்கத்துக்கு நான் கௌரவ காரியதரிசி ஆனேன். அதுவரை அங்கே கேட்பார் மேய்ப்பார் கிடையாது. பாண் ரொட்டி விற்கும் புஹாரி, பெட்டி கட்டிய சைக்கிளோடு குறுக்கே விழுந்து போவார். தேயிலைத் தோட்டத்து ஆட்களும் அப்படியே. ஒருநாள் யாரோ ஒருவனுடைய சக்கரம் என் வேட்டியில் சேறடித்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் நான் சட்டம் போட ஆரம்பித்தேன் என்று சொல்லித் திரிகிறார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

சுண்ணாம்பால் பாதையின் நடுவே கோடு இழுத்தேன். வளைவில் மணி அடிக்க வேண்டும் என்று பலகை நட்டேன். வாங்கில் யாராவது கண்ணயர்ந்திருந்தால் மணி அடிக்கக் கூடாது என்று இன்னொரு பலகை நட்டேன். வளைவிலேயே வாங்கு இருந்தால் என்ன செய்வது என்று புஹாரி கேட்டார். இறங்கி நின்று, உறங்குகிறவர் விழிக்கும்வரை காத்திருக்கச் சொன்னேன்.

"நாளைக்கு இந்தச் செடி பூக்குறதுக்கும் உங்கள்ட்ட கேக்கோணும் போல, ஐயா" என்றார். நானும் சிரித்தேன். நகைச்சுவை எனக்கும் பிடிக்கும்.

அடியாத மாடு படியாது என்பார்கள். ஆனால் நான் யார்மேலும் கை வைத்ததில்லை. இன்னொரு ஆளை டபிள் ஏற்றி வருகிறவனை, விளக்கில்லாமல் வருகிறவனைத் தெருவில் மறித்து, சக்கரத்தின் வால்கட்டையைக் கழற்றிக் காற்றைப் போக்கிவிடுவார்களே, அதே முறைதான். கழற்றியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் ஆள் தானாக நடப்பான். உங்கள் கான்ஸ்டபிள்மாரிடம் பார்த்துக் கற்றதுதான்.

யோகமலர் எங்களுக்கு ஒரே பிள்ளை. பசறைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாள். போன இடத்தில், அங்கே மாஸ்டராக இருந்த கணபதியைக் கலியாணம் செய்துகொண்டாள். தோட்டத் தொழிலாளரின் லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவர். கெட்டிக்காரர் என்றுதான் கேள்வி. நான் மனிதருக்குள் பேதம் பார்ப்பவன் அல்ல. என் வீட்டு வாசற்படியில் மட்டும் பார்ப்பேன். இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றேன், அவ்வளவுதான். ஏசவில்லை, சபிக்கவில்லை.

சில மாதம் சென்றது. சனிக்கிழமைகளில் கணபதி அவளைச் சைக்கிள் பாரில் இருத்திப் பூங்காவுக்குக் கூட்டி வருவதாகக் காதில் விழுந்தது. என் மனைவி சரோஜினி, கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு அங்கே போயிருக்கிறாள். தாயும் மகளும் வாங்கில் இருந்து கதைப்பார்களாம். என் வீட்டு முருங்கைக்காய்க் குழம்பு தூக்குச்சட்டியில் பூங்காவுக்குப் போயிருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில், பூங்காவுக்குள் டபிள் போகக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தேன். இரண்டுக்கும் தொடர்பில்லை. டபிள் போவது ஆபத்தானது.

சங்கத் தலைவர் தர்மராசாவின் மகன் தன் தங்கையைப் பாரில் ஏற்றி வட்டமடித்தானே, அதை ஏன் மறிக்கவில்லை என்று புஹாரி உங்களிடம் சொல்லியிருப்பார். உண்மைதான், மறிக்கவில்லை. அது விளையாட்டு. பிள்ளைகள் விளையாடாவிட்டால் பூங்கா எதற்கு?

கணபதியின் சைக்கிளை இரண்டு சனிக்கிழமை காற்றுப் போக்கி அனுப்பினேன். பிறகு அவர்கள் வருவது நின்றது. சரோஜினியும் கோவிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். பக்தி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். முதல்நாள் முழுக்க மழை. பசறை வீதியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. தோட்டத்து லொறி சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. காலையில் நான் கீழ் வாயிலில் நின்று, மழையில் கரைந்துபோன கோட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தேன். கணபதி வந்தார். முழங்கால்வரை சேறு. பாரில் யோகமலர், நிறைமாதம். ஒரு கையால் ஹாண்டிலையும் மறுகையால் வயிற்றையும் பிடித்திருந்தாள். சேலையில் இரத்தம் இருந்தது. முன்சக்கரம் என் கோட்டின்மேல் ஏறி நின்றது.

"ஐயா, விடியலேருந்து வலிங்க. பஸ்ஸும் இல்ல, லொறியும் இல்ல. சரிஞ்ச எடத்துல ஆளுங்க தூக்கித்தான் இந்தப் பக்கம் விட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு இதாங்க கிட்ட" என்றார் கணபதி.

நான் குனிந்து இரண்டு சக்கரத்தின் வால்கட்டைகளையும் கழற்றினேன்.

"அப்பா, என்னாலை ஏலாமல் கிடக்கு. விடுங்கோ அப்பா" என்றாள் யோகமலர். அவள் என்னோடு பேசி வெகுகாலம். குரல் அப்படியேதான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கணபதி கையெடுத்துக் கும்பிட்டார். "தப்புதாங்க ஐயா. ஓட்டல. உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டே போயிர்றேன்."

நியாயமான யோசனை. நானும் யோசித்துப் பார்த்தேன். பிறகு, காற்றில்லாத சைக்கிளைப் பூங்காவுக்குள் கொண்டுபோகக் கூடாது என்ற விதியை எடுத்துச் சொன்னேன். வெறும் ரிம் பாதையைக் கீறிவிடும்.

"காத்த நீங்கதானேங்க எடுத்தீங்க?"

"ஆர் எடுத்தது எண்டு விதியிலை இல்லை, மாஸ்டர்" என்றேன்.

அவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு அவளைக் கைகளில் தூக்கினார். அதற்குள் நான் வாயிலைச் சாத்திப் பூட்டிவிட்டேன். ஆத்திரத்தில் இருக்கிற மனிதனைப் பொது இடத்துக்குள் விடுவது புத்தியல்ல.

அந்த நேரம் புஹாரி வந்தார். பார்த்த மாத்திரத்தில் பாண் பெட்டியை அவிழ்த்து நிலத்தில் போட்டார். என்னை ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அவளைத் தன் சைக்கிளில் இருத்தி, ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து, கடைத்தெருவைச் சுற்றித் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அது மேட்டு வழி, பூங்கா வழியைவிடப் பல மடங்கு தூரம். வாயில் நடுவே பாண் பெட்டியை விட்டுப் போனதற்காக நான் புஹாரிமேல் முறைப்பாடு செய்யவில்லை.

ஆஸ்பத்திரிப் படியில் இறக்கும்போது அவளுக்கு மூச்சில்லை. பிள்ளையும் தப்பவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இரண்டு உயிரையும் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். டாக்டர்மார் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

செத்தவீட்டில் சரோஜினி என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு உலை வைப்பதும் இல்லை. பெற்றவனுக்கு வலிக்காதா என்று அவள் கேட்டிருந்தால், வலிக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

வந்தது மகள் என்று தெரியவில்லை, அவசரம் என்று தெரியவில்லை என்று சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார் எனக்காக வாதாட வந்த புரொக்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் நான் அல்ல. அவள் என்று தெரியும். உயிர் போகிற வலி என்று தெரியும். மேல் வாயில் திறந்திருந்ததும், அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி தெரிந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பூட்டினேன்.

இன்னும் ஒன்று. அன்று மாலை நீங்கள் பூங்காவைப் பார்க்க வந்தபோது, காற்றில்லாத சைக்கிளைத் தடுக்கும் பலகையில் கை வைத்தீர்கள். விரலில் பெயின்ற் ஒட்டியது. அந்தப் பலகையைச் செத்தவீட்டுக்குப் போகுமுன் எழுதி நட்டவன் நான்தான். காலையில் அப்படி ஒரு விதி இருக்கவில்லை. மற்ற விதிகளெல்லாம் சங்கத்தில் முறையாக நிறைவேறியவை. இந்த ஒன்றுதான் முன்பின்னாகிவிட்டது. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. யோகமலர் சின்ன வயதிலிருந்தே அவசரக்காரி. ஒரு நாள் பொறுத்து வந்திருந்தால், எல்லாம் விதிப்படியே நடந்திருக்கும்.