இடது பக்கக் கொக்கி

உங்கள் மேசை இழுப்பறை சிக்குகிறது, ஐயா. வாக்குமூலக் காகிதம் எடுக்க மூன்று முறை இழுத்தீர்கள். கோபப்பட்டு இழுத்தால் இன்னும் சிக்கும். அடிக்கட்டையில் கொஞ்சம் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள், போதும். சிக்கிய எதையும் பலத்தால் திறக்கக் கூடாது. முப்பத்தொரு வருடமாகத் துப்பாக்கி பழுதுபார்க்கிற நான் கற்றது அவ்வளவுதான்.

கடையில் நாங்கள் இருவர். அண்ணன் பெரியவர், நான் சின்னவர். எனக்கு ஐம்பத்தைந்து வயதாகிறது, இன்னும் சின்னவர்தான். பல் டாக்டர் அந்தப் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்த அன்றும் வாசலிலேயே கேட்டார். "பெரியவர் இருக்காரா? இடது பக்கம் மட்டும் பிடிவாதம் பிடிக்குது. விசை அசையவே மாட்டேங்குது."

அண்ணன் உள்ளேதான் இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. கை வேறு நடுங்கும். இருந்தாலும் துப்பாக்கியை வாங்கித் தடவிப் பார்த்து, "விட்டுட்டுப் போங்க, பாத்துடலாம்" என்றார். டாக்டர் நிம்மதியாகத் தலையாட்டினார். பார்க்கப்போவது நான். அது டாக்டருக்குத் தெரியாது, அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் இரண்டு குழலும் காலியா என்று பார்த்தேன். பிறகு இடது பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் தேன் நிறத்தில் பிசின் பிடித்துக் கிடந்தது. விசாரித்தால், தையல் மெஷின் எண்ணெய். டாக்டரின் மனைவி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "நான்தாங்க ஊத்தினேன். துருப்பிடிக்குமேன்னு ஒரு பாட்டிலையும் ஊத்திட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க." நல்ல மனுஷி. நான் சொல்லவில்லை.

பிசினைக் கரைத்துத் துடைத்ததும் சிக்கல் தீர்ந்தது. விசை வெண்ணெய்போல அசைந்தது. அத்தோடு தகட்டை மூடியிருந்தால் நான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் தகட்டின் உள்பக்கத்தையும் துடைத்தேன். அங்கே ஒரு பிறை இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. பழுது பார்த்தவர் தகட்டின் உள்பக்கம் ஊசியால் தன் குறியைக் கீறிவைப்பார். துப்பாக்கி வைத்திருப்பவர் அதைப் பார்ப்பதே இல்லை. அடுத்துத் திறக்கிற தொழில்காரன் மட்டும்தான் பார்ப்பான். அண்ணன் குறி பிறை, என் குறி இரண்டு புள்ளி.

அந்தப் பிறைக்குக் கீழே இருந்த கொக்கி நான் செய்தது. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற சுத்தியலை, குதிரை என்போம், பிடித்து நிறுத்துவது அந்தக் கொக்கிதான். எட்டு வருடத்துக்கு முன்னால் பழசு உடைந்து வந்தபோது, மூன்று வாரம் உட்கார்ந்து இரும்புத் துண்டிலிருந்து புதிதாக அராவி எடுத்தேன். என் ஆயுளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. மூடும்போது அண்ணன் வாங்கித் தன் பிறையைக் கீறினார். கேட்டதற்கு, "கடை ஒண்ணு, குறி ஒண்ணு. இதுல என்னடா உன்னுது என்னுது?" என்றார். நானும் சரி என்றேன். எட்டு வருடமாக மறந்தும் போயிருந்தேன்.

அரத்தை எடுத்தேன். கொக்கியின் நுனியில் மிகக் கொஞ்சம், ஒரு மயிரிழை. கையால் சோதித்தால் நிற்கும். தோட்டா போட்டுக் குழலை மூடுகிற அதிர்ச்சியில் என்றாவது ஒரு நாள் நழுவும். விசையைத் தொடாமலே வெடிக்கும். என் கணக்கு நியாயமான கணக்கு, ஐயா. எல்லோரும் குழலைத் தரையைப் பார்த்து வைத்துத்தான் மூடுவார்கள். மண்ணில் ஒரு குழி விழும், டாக்டர் பதறுவார், வேறு யாராவது திறந்து பார்ப்பார், பிறை இருக்கும். பெரியவர் கை போய்விட்டது என்று ஊர் பேசும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

டாக்டர் வாங்க வந்தபோது கடை நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கியைத் திறந்தார், டப்பென்று மூடினார். குழல் தரையைப் பார்க்கவில்லை, நேராக வாசலைப் பார்த்தது. வாசலில் அவர் மனைவி குடையை மடக்கிக்கொண்டிருந்தார். காலித் துப்பாக்கிதான். ஆனாலும் இப்படி மூடுகிறவர்களை நான் அதட்டிவிடுவேன், யாராக இருந்தாலும் சரி. அன்றும் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அதற்குள் அந்த அம்மா என்னைப் பார்த்து, "பெரியவர் கைராசியே தனி. அவர் கை பட்டா அப்புறம் பேச்சே இல்ல, இல்லைங்களா?" என்றார்.

"ஆமாங்கம்மா" என்றேன். குழலைத் தரையைப் பார்த்து மூடச் சொல்லவில்லை. அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் தோட்டத்தில் பறவை விரட்டத் தோட்டா போட்டு மூடியிருக்கிறார். எதிரே அந்த அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மீதி உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. அந்த அம்மா போனதில் எனக்கு வருத்தம்தான், ஐயா. அந்த எண்ணெய் வாசனை இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. எத்தனை முறை கழுவினாலும் சோறு இறங்குவதில்லை.

உங்கள் ஆட்கள் தகட்டோடு கடைக்கு வந்தார்கள். அண்ணன் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, "என் குறிதான். என் வேலைதான்" என்றார். கூப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். "நீ வாயைத் தொறக்காத. உனக்குப் பிள்ளைங்க இருக்கு, எனக்கு யாரு இருக்கா? கடையைப் பாத்துக்க" என்றார். பிறகு வலையில் முகத்தை ஒட்டி, "கண்ணாடியைப் பிடுங்கிட்டாங்க, உன் மூஞ்சிகூடத் தெரியல. அழறியாடா?" என்றார். நான் அழவில்லை. எனக்கு உடம்பெல்லாம் ஆத்திரம். என் வேலையை வாங்கி வாங்கிப் பழகிய கை, இதையும் வாங்கிக்கொண்டுவிட்டது.

உங்கள் நிபுணர் எழுதியதைச் செய்தித்தாளில் படித்தேன். 'தேர்ந்த கை. இவ்வளவு சுத்தமாக அராவுகிறவர் இன்று அரிது.' அதற்குக் கீழே அண்ணன் பெயர், அண்ணன் படம். புரை விழுந்த கண்ணும் நடுங்குகிற கையும் ஒரு மயிரிழை அராவுமா? நிபுணருக்கே தெரிய வேண்டாமா?

அண்ணனை விடுவிக்கத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். உண்மையும் அதுதான். கையெழுத்துப் போடத் தயார். அதற்கு முன்னால் அந்தத் தகட்டையும் ஒரு கூரான ஊசியையும் கொஞ்சம் தரச் சொல்லுங்கள், ஐயா. பிறையை அழித்துவிட்டு என் இரண்டு புள்ளியை வைத்துவிடுகிறேன்.