மருந்து கலக்காத தண்ணீர்

நீங்கள் குடிக்கக் கொடுத்தது கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது ஐயா, சப்பென்று இருக்கிறது. நல்லது, ஊரில் இப்போதாவது எல்லோருக்கும் புத்தி வந்திருக்கிறது.

நான் நீரேற்று நிலையத்தில் மருந்து கலக்குகிறவன். குளோரின்தான், வேறென்ன. ஊரே என் கையால் குடித்தது. தண்ணீரால் ஒரு குழந்தைக்கும் வயிறு வலித்ததில்லை. அதற்காக யாரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

வாடை அடிக்கிறது என்று முதலில் ஆரம்பித்தவர் என் மனைவியின் அண்ணன். மச்சானுக்குச் சலவைக் கடை. நாள் முழுக்க ப்ளீச்சிங் பவுடர் வாடையில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு என் தண்ணீர்தான் நாறியது. "மாப்ள கையைக் குலுக்கினா போதும், இருக்கிற கிருமி எல்லாம் செத்துடும்" என்று ஒரு விருந்தில் சொன்னார். என் மனைவிகூடச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, என்னைக் கைகாட்டி, "நம்ம பிள்ளைங்களுக்கு விஷம் வைக்கிறாங்க" என்றார். ஒரே கைதட்டல். நான் எழுந்து, கலக்காவிட்டால் நோய் வரும் என்று சொன்னேன். "உட்காருங்க மாப்ள, போதும்" என்றார். உட்கார்ந்தேன்.

சட்டம் வந்தது. குடிதண்ணீரில் எதையும் கலக்கக் கூடாது. சோதனையில் கிருமி தெரிந்தால் மட்டும் பொறுப்பாளர் தன் முடிவில் கலக்கலாம். பொறுப்பாளர் நான்தான். மருந்து வால்வை மூடினேன். மழை பிடித்துக்கொண்டது, ஆறு கலங்கியது, சோதனையில் கிருமி தெரிந்தது. தினமும் பார்த்தேன், பெருகிக்கொண்டே போனது. கலக்கலாம் என்றுதானே சட்டம் சொல்கிறது. கலந்தே தீர வேண்டும் என்று எங்கே சொல்கிறது?

வீட்டில் மட்டும் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். மனைவி அடுப்பைப் பற்றவைத்தபடி, "அண்ணன் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள்.

"நம்ம தொட்டி அழுக்கா இருக்கு, அதுக்குத்தான். அவங்களை எதுக்குக் கிளப்பி விடுற" என்றேன். நம்பிவிட்டாள், பாவம்.

அந்த நாட்களில் சலவைக் கடை வழியாகவேதான் வேலைக்குப் போனேன். மச்சான் உள்ளேயிருந்து கை அசைப்பார். நானும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அப்புறம் மருத்துவமனையில் கட்டில் போதாமல் தாழ்வாரத்தில் படுக்க வைத்தார்கள். மச்சானின் மகளுக்கு ஓரத்தில் ஒரு கட்டில் கிடைத்திருந்தது. என் தோளில் ஏறி நீரேற்று நிலையம் முழுக்கச் சுற்றிப் பார்த்த பிள்ளை, மாமா வந்திருக்கிறேன் என்று சொல்லியும் கண் திறக்கவில்லை. விலகியிருந்த போர்வையைச் சரிசெய்துவிட்டேன், நான் ஒன்றும் கல் இல்லை. மச்சான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாப்ள, நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கல. தப்பு என்மேலதான்" என்று அழுதார்.

அன்று சாயங்காலமே வால்வைத் திறந்துவிட்டேன். மறுநாள் பிள்ளை போய்விட்டாள்.

என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், எனக்குப் பயமில்லை. ஆனால் பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் நான். மச்சான் அந்த வார்த்தையை ஒரு வாரம் முன்னால் வந்து சொல்லியிருந்தால், அன்றைக்கே திறந்துவிட்டிருப்பேன்.