மாடி அறை விருந்தினர்

விருந்தினருக்காக ஓட்டலில் நாடகம் போட மனுச் செய்தால் அதிகாரி மூன்று நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. அவர் எங்கே உட்கார்ந்து தர வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அந்தக் குறை, பொங்கலுக்கு முந்தைய நாள் எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே துறையில் படகுக்கு நின்ற வரிசையில்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு முன்னால் லாட்ஜ் முதலாளி ஒருவரும், மீசை மழித்த துறைமுக குமாஸ்தா ஒருவரும் நின்றிருந்தார்கள்.

“நம்ம நாடகத்துக்கு அனுமதி தர்ற சாப் உங்க மாடி ரூம்லதான தங்கியிருக்காரு, அண்ணாச்சி?” என்றார் குமாஸ்தா.

“ஆமா தம்பி. ஆனா டூர்ல வந்தா கையெழுத்து போட மாட்டாராம். மனு கல்கத்தாவுல அவரு மேசைக்குப் போவணுமாம். கப்பல்ல போயிருக்கு.”

“அங்க மேசையில யாரு இருக்கா?”

“யாருமில்ல. அவருதான் இங்கல்லா இருக்காரு.”

“அனுமதி இல்லாம போட்டுட்டா?”

“முதல் வரிசையில நாற்காலி கேட்டிருக்காரு. எந்திரிச்சு அவரே நிறுத்திருவாராம்.”

“அரே, அடுத்த கப்பல்ல எனக்கு மெயின்லேண்டுக்கு மாத்தல், அண்ணாச்சி! ராணி வேஷத்துக்காக மீசையை எடுத்துட்டு, ஆபீஸ் பூரா ‘ராணி சாப்’னு கேலி பண்றாங்க. ஒரு தடவையாவது மேடையேற வேண்டாமா?”

“அவரும் உன்னப் பத்தித்தான் கேக்காரு. ராணியா நடிக்கிறவரு நல்லா அழுவாரான்னு.”

பொங்கலன்று விருந்தினர்கள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பினார்கள். ராணியும் அதிகாரியும் ஒரே கப்பலில் மெயின்லேண்ட் போனார்கள். நாடகத்தைப் பொங்கலன்று நடத்திக்கொள்ளலாம் என்ற பதில், அதிகாரியின் கையெழுத்தோடு லாட்ஜுக்கு வந்து சேர்ந்தது, சித்திரை முதல் தேதி.