லின்னியா வேண்டாம் என்றாள்

—ஆகவே, மஹ்னாஸ், இன்று மாலை முதல் இந்த வீட்டில் ஸ்வீடன் வழக்கம் அமலுக்கு வருகிறது. அந்தக் கரண்டியைக் கீழே வை.

—வெச்சா சோத்த நீங்க எடுத்து வெக்கிறீங்களா, ஃபர்ஹாங்? போன வாரம் பஸ்ல முன்பின் தெரியாதவங்க பக்கத்துல உட்காரக் கூடாதுன்னு சொன்னீங்க. இந்தக் கோத்தன்பர்க் ஊர் முழுக்க நின்னுக்கிட்டே வந்தேன்.

—அது நாகரிகம். கவனி. பிள்ளைகூட விளையாட வந்த பிள்ளைக்கு இங்க சாப்பாடு போட மாட்டாங்க. வீட்டுக்காரங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அது ரூம்லயே இருக்கும். மொழி வகுப்புல டீச்சரம்மாவே சொன்னாங்க.

—அந்தக் காலத்துலன்னு சொல்லிச்சு அந்தம்மா. நானும் அதே வகுப்புலதானே உட்கார்ந்திருந்தேன்?

—நீ பின் வரிசை.

—ரெண்டு வருஷமா நம்ம பரஸ்தூ ஒரு சிநேகிதிய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பாளா? இன்னிக்குத்தான் இந்த லின்னியா வந்திருக்கு. அதையும் பட்டினியா அனுப்பினா, நாளைக்கு ஸ்கூல்ல நம்ம பொண்ணுகிட்ட யாரு பேசுவா?

—யாரு பட்டினி போட்டா? முறையா கதவைத் தட்டி, சுத்தமான ஸ்வீடிஷ்ல கேட்டேன். "சாப்பிடுறியாம்மா?" "வேண்டாம், நன்றி." முடிஞ்சது விஷயம்.

—ஒரு தடவை வேண்டாம்னா முடிஞ்சிடுமா? என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப எங்கம்மா நீட்டின இனிப்பை மூணு தடவை வேண்டாம்னீங்க. நாலாவது தடவை தட்டையே காலி பண்ணீங்க.

—அது நம்ம ஊரு ஷிராஸ்! அங்க எல்லாரும் அப்படித்தான். இங்க வேண்டாம்னா வேண்டாம். திரும்பக் கேட்டா அத்துமீறல். மனசுல பட்டதை ஒரே தடவைல சொல்லிடுச்சு பார், அதுதான் வளர்ப்பு. கத்துக்க.

—குங்குமப்பூ போட்ட சோறு மாடிப்படி வரைக்கும் மணக்குது. மூக்குன்னு ஒண்ணு இருக்கிற பிள்ளை வேண்டாம்னு சொல்லுமா? நகருங்க, நான் போய்க் கேட்கிறேன்.

—உட்காரு! நாம நாகரிகம் தெரியாதவங்கன்னு அந்தப் பொண்ணு போய்ச் சொன்னா நம்ம பிள்ளைக்குத்தான் அவமானம். இதோ பரஸ்தூவே வந்துட்டா. வாம்மா, லின்னியா உள்ளயே இருக்கட்டும், நீ சாப்பிடு. ஏன் முகம் இப்படி இருக்கு?

—லின்னியா வீட்டுக்குப் போயிட்டாப்பா.

—பார்த்தியா மஹ்னாஸ்? அடுத்தவங்க சாப்பிடுற நேரம்னு தானாவே புரிஞ்சுக்கிட்டுக் கிளம்பிட்டா. என்ன ஒழுங்கு!

—பசியோட போனாப்பா. நம்ம வீட்டுல முதல்ல வேண்டாம்னு சொல்றதுதான் மரியாதைன்னு நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ரெண்டாவது தடவை யாருமே வந்து கேட்கல.