ஒன்பதாம் குழாய்க்கு இளம்பச்சை

போஸ்டர்ல நாப்பது வார்த்தைக்கு மேல போனா யாரும் நின்னு படிக்க மாட்டாங்க. பதினெட்டு வருஷமா பசங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் விஷயம் இதுதான். இன்னைக்கு அதை நானே மீறப் போறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. படம் ரெண்டு இருக்கு, கீழ வச்சிருக்கேன்.

இந்தப் பக்கத்துல இருக்கிற பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். காலேஜ்ல பசுமைத் திட்ட ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு இல்லையா, படிக்கட்டுக்குக் கீழ, ஃபேன் போட்டா பேப்பரெல்லாம் பறக்கிற ரூம். அங்க உக்காந்திருக்கிறவன் நான். பசங்க குப்பையைப் பிரிக்கிறாங்க, இலையை மக்க வைக்கிறாங்க, கரண்ட் மீட்டர் எழுதுறாங்க. அதையெல்லாம் நாலு பேர் பார்க்கிற மாதிரி போஸ்டரா, ஸ்டிக்கரா, நோட்டீஸா பண்றது என் வேலை. போஸ்டர் அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க. நிஜப் பேர் பல பேருக்குத் தெரியாது, அதுல எனக்கு வருத்தமும் இல்ல.

நாளைக்குக் காலைல பத்து மணிக்கு கமிட்டி கூடுது. குழாய்த் தண்ணி விஷயத்துல அஜாக்கிரதையா இருந்தான்னு ஒரு பொண்ணைக் காலேஜை விட்டு அனுப்பப் போறாங்க. கடைசி வருஷம் படிக்கிற பொண்ணு. அவ அனுப்பப்படறதுக்கு முன்னாடி இதை நீங்க படிக்கணும். கமிட்டிக்கும் இதையே அனுப்பிட்டேன்.

அந்தப் பொண்ணுக்கு நாங்க வச்ச பேரு அடிக்குறிப்பு. எதைக் கொடுத்தாலும் கீழ பொடி எழுத்துல ரெண்டு வரி எழுதுவா. 'இந்த அளவு ஒரு நாள் மட்டும் எடுத்தது', 'மழை நாள் சேர்க்கப்படவில்லை', இப்படி. நான் எல்லாத்தையும் வெட்டிடுவேன்.

"அண்ணா, நீங்க வெட்டினதெல்லாம் சேர்த்தா ஒரு புத்தகமே போடலாம்"னு சிரிப்பா.

"போடு, அதுக்கு அட்டை நான் பண்ணித் தர்றேன்"னு சொல்வேன். நல்லாத்தான் பழகிட்டு இருந்தோம்.

போன வருஷத் திட்டம் பாட்டில் தண்ணியை ஒழிக்கிறது. காலேஜ்ல பன்னெண்டு குடிதண்ணிக் குழாய் இருக்கு. எங்கெங்க இருக்குன்னு ஒரு வரைபடம், கையில சொந்த பாட்டில், அவ்வளவுதான். 'பன்னெண்டு குழாய், ஒரு பாட்டிலும் வேண்டாம்.' நான் எழுதின வரி. இப்பவும் சொல்றேன், நல்ல வரி. வரைபடத்துல குழாய்க்கு ஒரு பச்சைச் சொட்டு, கட்டடத்துக்கு நீலம். எங்க ஆபீஸ் அச்சடிக்கிற எல்லாத்துலயும் இந்த ரெண்டு நிறம்தான். அதை முடிவு பண்ணினதும் நான்தான். தூரத்துல பார்த்தாலே நம்ம போஸ்டர்னு தெரியணும், அதுக்காக.

தண்ணியைச் சோதிக்கிற வேலை அடிக்குறிப்போடது. ஒரு திங்கக்கிழமை மத்தியானம் பேப்பரோட வந்தா. பதினொண்ணு சரியா இருக்கு, ஒன்பதாவதுல ஈயம் இருக்கு, இருக்க வேண்டியதுக்கு மேல நாலு மடங்குன்னா. பழைய கட்டடம், பழைய பைப். ரெண்டு தடவை எடுத்துப் பார்த்துட்டாளாம். பேப்பர்ல ஒன்பதைச் சுத்தி சிவப்புப் பேனால வட்டம். கீழ வழக்கம் போல ரெண்டு வரி: 'குடிக்கக் கூடாது. குழந்தைகள் கண்டிப்பாக.'

ஒன்பதாவது குழாய் எங்க இருக்குன்னா, காலேஜ்ல வேலை பார்க்கிறவங்க பிள்ளைகளை விட்டுட்டுப் போற ரூம் இருக்கு இல்ல, அதோட வாசல்ல.

கோஆர்டினேட்டர்கிட்டயும் சொல்லியிருக்கா. அவர், "அண்ணாகிட்ட கொடுத்துடும்மா, அவர் எல்லாருக்கும் தெரியப்படுத்திடுவார்"னு அனுப்பிட்டார். சரியான ஆள்கிட்டதான் அனுப்பினார். தெரியப்படுத்துறதுதான் என் உத்தியோகம்.

காலேஜ்களுக்கு இடையில நடக்கிற பசுமைப் போட்டிக்கு வெள்ளிக்கிழமை போஸ்டர் போகணும். 'பன்னெண்டு'ன்னு போட்டு ஸ்டிக்கர் வந்தாச்சு, பசங்க பனியன்லயும் அடிச்சாச்சு. சிவப்பு நம்ம நிறம் கிடையாது. அந்தச் சொட்டை எடுத்துட்டா வரைபடம் ஒரு பக்கமா சாயுது, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. நான் சாயங்காலம் வரைக்கும் உக்காந்து யோசிச்சேன். யோசிக்காம பண்ணேன்னு யாரும் நினைச்சுடக் கூடாது.

ஒன்பதாவதுக்கு இளம்பச்சை போட்டேன்.

கவனமா பார்க்கிறவனுக்கு அது வேறன்னு தெரியும். நான் மறைக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஏழு மாசம் சொல்லிக்கிட்டேன்.

மறுநாளே அவ வந்துட்டா.

"அண்ணா, ஒன்பதுக்குச் சிவப்பு எங்க?"

"இளம்பச்சைல போட்டிருக்கேன், பாரும்மா."

"இளம்பச்சைன்னா என்ன?"

"மத்தது மாதிரி இல்லன்னு அர்த்தம்."

"மத்தது மாதிரி இல்லன்னா, குடிக்கலாமா கூடாதா?"

"அதுக்குத் தனியா நோட்டீஸ் அடிக்கிறேன். போஸ்டர்ல எல்லாத்தையும் திணிக்க முடியாது. நீ ஊருக்குக் கிளம்பு, நான் பார்த்துக்கிறேன்."

அவளுக்கு அன்னைக்கு ராத்திரி வண்டி, மூணு மாசம் வெளியூர்ல பயிற்சி. போறதுக்கு முன்னாடி நோட்டுப் புத்தகத்துல இருந்து ஒரு தாளைக் கிழிச்சு, ஸ்கெட்ச் பேனால 'இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க'ன்னு எழுதி குழாய் மேல ஒட்டிட்டுப் போயிருக்கா. மூணு வார்த்தை. எழுத்து கோணலா இருந்துச்சு, கடைசி ரெண்டு எழுத்துக்கு இடம் பத்தாம நெருக்கி எழுதியிருந்தா.

கையால எழுதி ஒட்டினதை எங்க பார்த்தாலும் எடுத்துடணும்னு ஒரு விதி இருக்கு. அதைக் கேட்டு வாங்கினதும் நான்தான். சுவரெல்லாம் அசிங்கமா இருக்குன்னு. புதன்கிழமை காலைல அந்தத் தாளை எடுத்தேன். நல்லா அச்சடிச்சு ஒட்டிக்கலாம்னு எடுத்தேன். அந்த நோட்டீஸை நான் அடிக்கவே இல்ல. வேலை அதிகம்னு சொல்லலாம். வேலை இருந்துச்சு. ஆனா அது காரணம் இல்ல. போட்டி முடியட்டும்னு இருந்தேன். பரிசு வந்துச்சு. பரிசு வந்த பிறகு எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்.

இப்ப போட்டோ விஷயம். போஸ்டர் நடுவுல ஒரு போட்டோ இருக்கே, ஆறு குழந்தைங்க வரிசையா நின்னு குழாய்ல பாட்டில் ரொப்புற மாதிரி. நடுவர்கள் தனியா எழுதிப் பாராட்டினது அந்தப் படத்தைத்தான். மத்த குழாயெல்லாம் கக்கூஸ் பக்கம், இல்லன்னா இருட்டு நடைவழி. ஒன்பதாவதுக்கு நேர் எதிர்ல கிழக்குப் பார்த்த ஜன்னல். ஒன்பது மணி வெயில் தண்ணி மேல விழுந்தா கண்ணாடிக் கம்பி மாதிரி மின்னும். அதனால அங்க எடுத்தேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கிற ஆயாம்மா அதுவரைக்கும் கேன் தண்ணிதான் கொடுத்துட்டு இருந்தாங்க. "ஏங்க ஆயாம்மா, வாசல்லயே குழாயை வச்சுக்கிட்டு இன்னும் கேனைத் தூக்குறீங்க, இடுப்பு என்னத்துக்கு ஆகும்"னு கேட்டேன். கேன் போஸ்டர்ல தெரிஞ்சா நல்லா இருக்காது, அதனால கேட்டேன்.

"நீங்க சொன்னா சரிதான் தம்பி"ன்னாங்க. அன்னைல இருந்து கேனை நிறுத்திட்டாங்க.

வரிசைல முதல்ல நிக்கிறது மாடிப்படி கூட்டுற அக்காவோட பொண்ணு. நாலு வயசு, ஒல்லியா இருப்பா, குண்டூசின்னு கூப்பிடுவோம். வாய் ஓயாது. கேமராவைப் பார்த்து, "மாமா, நான் டிவில வருவேனா, எங்கம்மா வேலை பார்க்கிற எடத்துல ஒட்டுவீங்களா, எத்தனை ஒட்டுவீங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நூறுன்னு சொன்னேன். "நூறுக்கு அப்புறம்?"னு கேட்டா.

அக்கா அந்தப் போஸ்டர் ஒண்ணை வாங்கிட்டுப் போய் வீட்டுல ஒட்டியிருக்காங்க. நான்தான் நல்லா தடியான பேப்பர்ல எடுத்துக் கொடுத்தேன்.

மூணாவது மாசம் குண்டூசிக்கு வயித்து வலி. பூச்சி மருந்து கொடுத்தாங்க. அப்புறம் சாப்பிட மாட்டேங்கிறா, எப்பப் பார்த்தாலும் தூங்குறான்னாங்க. ஆறாவது மாசம் அக்கா துடைப்பத்தைச் சாய்ச்சு வச்சுட்டு என் ரூம் வாசல்ல உக்காந்துட்டாங்க. "அண்ணா, பேசிக்கிட்டே இருந்த பொண்ணு. இப்ப செருப்பைக் காட்டி இது என்னன்னா, யோசிக்கிறா. செருப்புன்னு சொல்லத் தெரியல." நான் எழுந்து போய் அவங்களுக்குத் தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன். மூணாவது குழாய்ல இருந்து.

பெரிய ஆஸ்பத்திரில ஒரு லேடி டாக்டர் ரத்தத்துல ஈயம் பார்க்கச் சொன்னாங்க. அப்புறம் அந்த ரூம் பிள்ளைகள் எல்லாரையும் பார்த்தாங்க. போட்டோல இருக்கிற ஆறு பேர்ல அஞ்சு பேருக்கு இருந்துச்சு. குண்டூசிக்குத்தான் ரொம்ப அதிகம். போனது முழுசா திரும்பி வருமான்னு டாக்டர் உறுதியா சொல்லல.

விசாரணை வந்துச்சு. பொதுக் கோப்புல பார்த்தா ஒன்பதாவதுக்கு நேரா ஒரு எண் மட்டும் இருக்கு, எச்சரிக்கை எதுவும் இல்ல. அவ பேப்பர் கொடுத்தேன்னா, தாள் ஒட்டினேன்னா. கோஆர்டினேட்டர், ஏதோ பேப்பர்னு அண்ணாகிட்ட அனுப்பினேன், உள்ள என்னன்னு பார்க்கலன்னுட்டார். கமிட்டி என்னைக் கேட்டுச்சு.

"அப்படி ஒரு பேப்பர் உங்ககிட்ட வந்துச்சா?"

"எனக்கு ஞாபகம் இல்லைங்க."

"குழாய் மேல தாள் எதுவும் பார்த்தீங்களா?"

"கவனிக்கலைங்க."

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. கோபம் இல்ல. நான் எதையோ மறந்துட்டேன், ஞாபகப்படுத்தினா சொல்லிடுவேங்கிற மாதிரி பார்த்தா. "அண்ணா, சிவப்பு வட்டம் போட்டிருந்தேனே"ன்னா. நான் மேஜையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பேப்பர் என் டிராயர்ல இருக்கு. கீழ முதல் படம் அதுதான். கோணல் எழுத்துத் தாளும் கூடவே இருக்கு. கிழிச்சுப் போட மனசு வரல. ஏன்னு தெரியல. அவ சொன்னது எல்லாம் உண்மை. அவ செஞ்ச ஒரே தப்பு என்னை நம்பிட்டு வண்டி ஏறினது.

போட்டோ என்னைக்கு எடுத்தீங்கன்னும் கமிட்டி கேட்டுச்சு. ஞாபகம் இல்லன்னேன். புதன்கிழமை. அந்தத் தாளை எடுத்தது எட்டே முக்காலுக்கு, படம் எடுத்தது ஒன்பது மணிக்கு. தாள் மடிச்சு என் சட்டைப் பையில இருந்துச்சு.

இவ்வளவையும் எழுதின பிறகும், ஈயம் இவ்வளவு பண்ணும்னு எனக்குத் தெரியாது, ஏதோ சும்மா ஒரு எண்ணுன்னுதான் நினைச்சேன்னு இந்த இடத்துல எழுதி முடிச்சுடலாம்னு பார்த்தேன். எழுதியும் பார்த்தேன். அழிச்சுட்டேன்.

ரெண்டாவது படம் அந்தப் போட்டோ. போஸ்டர்ல கடைசிக் குழந்தையோட கை தெரியாம ஓரத்தை வெட்டியிருந்தேன், இது முழுசு. கடைசியா நிக்கிற குழந்தை என் தங்கச்சி பொண்ணு. தங்கச்சி நம்ம லைப்ரரிலதான் இருக்கா, நாங்க ஒரே வீடு. அஞ்சு குழந்தைங்க பாட்டில் மூடி திறந்திருக்கு, காலியா இருக்கு. இவ கையில மஞ்சள் பாட்டில், மூடி திருகி, கழுத்து வரைக்கும் தண்ணி. ரத்தத்துல எதுவும் இல்லாத ஆறாவது பிள்ளை இவதான். எப்படி இவளுக்கு மட்டும் இல்லன்னு எல்லாரும் கேட்டாங்க. சளி பிடிக்கும்னு வீட்டுத் தண்ணிதான் கொடுத்து விடுவோம், அதிர்ஷ்டம்னு தங்கச்சி சொன்னா. அவளுக்கு அதுதான் தெரியும். சளின்னு அவகிட்ட சொன்னது நான்.

அந்தத் திங்கக்கிழமைக்கு மறுநாள்ல இருந்து தினமும் காலைல அந்த மஞ்சள் பாட்டிலை நான்தான் ரொப்பிக் கொடுத்தேன். புதன்கிழமை வரிசைல நிக்க வச்சப்போ அவ காதுல மட்டும் சொன்னேன்: "நீ சும்மா கையில பிடிச்சுக்கிட்டு நில்லு, செல்லம். குழாய்ல பிடிக்காத."